திரைவாசிப்பானை வைத்து ஆயிரக்கணக்கான கோப்புகளுக்குப் பெயர் மாற்றிய அனுபவம்

எனக்குப் பார்வை கிடையாது. விழித்திரை நோயில் முப்பது வயதுக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. கணினியில் திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் என்விடிஏ திரைவாசிப்பானை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை செய்கிறேன். மின்னஞ்சல், வேர்டு, எக்செல், வங்கி வேலை எல்லாம் நானே பார்த்துக்கொள்வேன். ஆனால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகளை ஒரே நேரத்தில் பெயர் மாற்றி, பிரித்து, அடுக்க வேண்டும் என்று வந்தபோது ஆடி மாதம் தொடங்கிய வேலை தை தாண்டியும் முடியவில்லை. ரூ.5,800 கையைவிட்டுப் போனது. இதைத் தமிழில் யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் அந்தப் பணமும் அரை வருடமும் மிஞ்சியிருக்கும். அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

அப்பா தோவாளைப் பக்கத்து வில்லுப்பாட்டுக் குழுவொன்றில் இடம்பாடுகிறவர், அதாவது முதன்மைப் பாடகருக்குத் துணையாகப் பாடுகிறவர். நாகர்கோவிலிலிருந்து பணகுடி வரை கொடைத் திருவிழா நடக்கும் கோயில்களில் இரவெல்லாம் பாடிவிட்டு விடியும்போதுதான் வீட்டுக்கு வருவார். அவர் பாடியதையும் அவருக்கு முந்தின ஆட்கள் பாடியதையும் கேசட்டில் பிடித்துப் பிடித்து இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய வைத்திருந்தார். முத்துப்பட்டன் கதை, நீலி கதை, தம்பிமார் கதை, சாஸ்தா கதை, இன்னும் பல. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்து, ஓடு பறந்து, பல நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது ஒரு பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. மிஞ்சியதையாவது காப்பாற்ற வேண்டும் என்று பிற்பாடு ஒரு கடையில் கொடுத்து எல்லாவற்றையும் எம்பி3 ஆக்கினோம். கடைக்காரர் ஒழுங்காகத்தான் செய்தார். ஒவ்வொரு பக்கமாக ஓடவிட்டு, ஓட ஓடப் பதிவு செய்து, டிராக் என்று போட்டு எண்களோடு ஒரே ஃபோல்டரில் தந்தார். எந்த டிராக் எந்தக் கேசட் என்பதை வரிசையாகப் படிக்கச் சொல்லி நானே பட்டியல் வைத்துக்கொண்டேன். இதோடு உறவுக்காரர்கள் கொடை விழாக்களில் போனில் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியவை வேறு. அவையெல்லாம் தேதியும் டபிள்யூஏ என்ற எழுத்துமாகப் பெயர் வைத்துக்கொண்டு குவிந்து கிடந்தன. அப்பாவுக்கு இப்போது கண் மங்கல், காதும் மந்தம். “பட்டன் கதையில மூணாவது நாளைக்கு உள்ளத போடு மக்களே” என்று அவர் கேட்டால் நான் எதைத் திறப்பது?

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். மொத்தமாகப் பெயர் மாற்றும் மென்பொருள் எது நல்லது என்று தேடினேன். எங்கே கேட்டாலும் ஒரே இலவச மென்பொருளைச் சொன்னார்கள். இறக்கி நிறுவினேன். டேப் விசையைத் தட்டினால் “எடிட், பிளாங்க்” என்கிறது. மறுபடி தட்டினால் மறுபடி “எடிட், பிளாங்க்”. தட்டிக்கொண்டே போனால் டஜன் கணக்கில் பெயரில்லாத பெட்டிகள். கண் தெரிகிறவருக்குப் பெட்டியின் பக்கத்தில் எழுத்து இருக்கும், திரைவாசிப்பானுக்கு அந்த எழுத்தையும் பெட்டியையும் இணைத்துச் சொல்ல வேண்டியது மென்பொருள் எழுதியவரின் வேலை. அவர் அதைச் செய்யாவிட்டால் நமக்குக் கேட்பது வெறும் பெட்டி. பெட்டிகளையாவது எண்ணி ஒருவழியாக மனப்பாடம் செய்யலாம். பழைய பெயரையும் புதிய பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும் முன்னோட்டப் பட்டியல் இருக்கிறதே, அது சுத்த மௌனம். அந்தப் பட்டியலைப் படமாக வரைந்து வைத்திருக்கிறார்கள். விண்டோஸ் கொடுக்கும் வழக்கமான பட்டியலாக அது இல்லாததால் என்விடிஏ-வுக்கு உள்ளே எதுவுமே தெரிவதில்லை. என்விடிஏ விசையோடு ஆர் எழுத்தை அழுத்தினால் படத்தில் உள்ள எழுத்தையும் அடையாளம் காணும் எழுத்துணரியால் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும்தான், ஆனால் திரையில் அப்போது தெரிகிற வரிகளை மட்டும். டிக் விழுந்திருக்கிறதா என்பதை அதை வைத்து நம்பிச் சொல்ல முடியாது. என்ன நடக்கப் போகிறது என்று தெரியாமல் அப்பாவின் குரல் இருக்கும் கோப்புகளின் மேல் ஓகே பொத்தானை அழுத்த எனக்குத் தைரியம் வரவில்லை.

அப்புறம் காசு கொடுத்து வாங்கும் ஒன்றுக்குப் போனேன். சோதனைப் பதிப்பில் முதல் திரைகள் அருமையாகப் பேசின. ஒவ்வொரு பொத்தானுக்கும் பெயர் இருந்தது. சந்தோஷமாக ரூ.2,300 கட்டினேன். உரிமம் போட்ட பிறகுதான் திறக்கும் முன்னோட்டத் திரையில் மறுபடி அதே மௌனம். எழுதிக் கேட்டேன். அடுத்த பதிப்பில் பார்க்கிறோம் என்று பதில் வந்தது. பணம் திரும்பி வரவில்லை. அன்று ராத்திரி எனக்கு வந்தது கோபம் மட்டும் இல்லை, ஒரு அவமானம். எல்லாருக்கும் இரண்டு நிமிட வேலையாக இருப்பது எனக்கு மட்டும் ஏன் மதிலாக நிற்கிறது என்று அம்மாவிடம்கூடச் சொல்லாமல் அழுதேன்.

ஆகவே எந்த மென்பொருளுக்கும் காசு கட்டுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள். மௌஸைத் தொடாமல் டேப் விசையால் ஒரு சுற்று வாருங்கள், ஒவ்வொரு இடத்திலும் பெயரும் வகையும் கேட்கிறதா? டிக் பெட்டியில் ஸ்பேஸ் தட்டினால் “செக்டு, நாட் செக்டு” என்று மாறிச் சொல்கிறதா? கோப்புப் பட்டியலில் கீழ் அம்புக்குறியை அழுத்தினால் பழைய பெயர், புதுப் பெயர் இரண்டையும் வாசிக்கிறதா? கோப்புகளை உள்ளே கொண்டுவர இழுத்துப் போடுவதைத் தவிர மெனுவில் வழி உண்டா? இந்த எல்லாக் கேள்விக்கும் விடை சோதனைப் பதிப்பிலேயே கிடைக்க வேண்டும். முன்னோட்டத் திரையைக் கட்டணத்துக்குப் பின்னால் பூட்டி வைத்திருந்தால் அதை விட்டுவிடுங்கள். நமக்கு உயிரே அந்தத் திரைதான்.

அதற்குப் பிறகு பக்கத்து ஊரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் கேட்டேன். “கண்ணு தெரியாம இதெல்லாம் எதுக்கு அக்கா கஷ்டப்படுதிய, ஹார்டு டிஸ்க்க தாங்க, நாங்க சரியாக்கித் தாறோம்” என்றார் அங்கிருந்த பையன். பிரதி எடுத்து அதில்தான் வேலை செய்வோம் என்று முதலாளியும் சொன்னார். ரூ.3,500 பேசி, டிராக் பட்டியலையும் தமிழில் அச்செடுத்துக் கொடுத்தேன். டிஸ்க் திரும்பி வந்தது. பிரதி எடுத்திருக்கவில்லை. பெயர்களை எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்திருந்தார்கள். முத்துப்பட்டன் என்று அதில் அடித்தால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான். திரைவாசிப்பான் “கே ஜே செமிகோலன் ஜே ஜி செமிகோலன்” என்றுதான் படிக்கும். அதைவிடக் கொடுமை, ஒரு கதைக்குரிய கோப்புகளை எல்லாம் தேர்ந்தெடுத்து, எஃப்2 அழுத்தி ஒரே பெயரைக் கொடுத்திருந்தார்கள். அப்படிக் கொடுத்தால் விண்டோஸ் அந்தப் பெயரோடு அடைப்புக்குறிக்குள் 1, 2, 3 என்று தானே எண் போட்டுக்கொள்ளும். அந்த எண் அந்த நேரத்தில் ஃபோல்டர் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறதோ அதைப் பொறுத்தது. அவர்கள் அளவுப்படி அடுக்கி வைத்திருக்கிறார்கள். கடைக்காரர் தந்த வரிசை போயே போய்விட்டது. முத்துப்பட்டன் கதையைப் போட்டால், மாடு காக்கப் போன பட்டன் வெட்டுப்பட்டு விழுகிறான், அதன் பிறகு காட்டில் பொம்மக்காவையும் திம்மக்காவையும் முதன்முதலாகச் சந்திக்கிறான். அப்பா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “இது நான் பாடினதில்ல” என்று எழுந்து போய்விட்டார். எம்பி3 ஆக்கிய கடையிலும் பழைய பிரதி இல்லை.

மதுரையில் என்னோடு பயிற்சி பெற்ற ஒரு அக்கா இருக்கிறார், பிறவியிலேயே பார்வையில்லாதவர். அவரிடம் போனில் புலம்பியபோது அவர் சொன்னதுதான் எனக்குத் திருப்பம். “நீ ஏன் அவங்க ஜன்னலுக்குள்ள போய் வேலை செய்யப் பாக்குற? பேரை எல்லாம் எழுத்தா வெளியே எடு. நீ டைப்பிங் பண்றவ, எழுத்தில உன்ன யாரு ஜெயிக்க முடியும்? மாத்தி முடிச்சுட்டு உள்ளே அனுப்பு.” நான் அதுவரை தேடியது நமக்கு வாசித்துக் காட்டும் ஒரு ஜன்னலை. நமக்கு வேண்டியது ஜன்னலே இல்லை. நோட்பேடிலும் எக்செலிலும் நாம் எழுத்து எழுத்தாகப் போய்ப் பார்க்க முடியும், தேட முடியும், திருத்த முடியும். கட்டளைகளை அடித்து வேலை வாங்கும் கட்டளைத் திரைக்கும் எழுத்துதான் பாஷை. இவை எல்லாம் ஏற்கெனவே கணினியில் இருக்கின்றன, ஒரு ரூபாய் செலவில்லை.

செய்முறையைச் சொல்கிறேன். போனில் சொல்லிக் கொடுப்பதுபோல எழுத்துகளை உச்சரித்தே எழுதுகிறேன், கேட்டுக்கொண்டே அடிக்கலாம். கோப்புகள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்து ஆல்ட்டோடு டி அழுத்தினால் முகவரிப் பட்டிக்குப் போகும். அங்கே சிஎம்டி என்று அடித்து என்டர் தட்டினால் அந்த ஃபோல்டரிலேயே கட்டளைத் திரை திறக்கும். தமிழ்ப் பெயர்கள் இருந்தால் முதலில் சிஎச்சிபி, இடைவெளி, 65001 என்று அடித்து என்டர். இதைச் செய்யாவிட்டால் பட்டியலில் தமிழ் இருக்கும் இடமெல்லாம் கேள்விக்குறியாக வரும். அப்புறம் டிஐஆர், இடைவெளி, சாய்கோடு பி, இடைவெளி, சாய்கோடு ஏ கழித்தல்குறி டி, இடைவெளி, கிரேட்டர் தேன் குறி, இடைவெளி, இரண்டு புள்ளி, பின்சாய்கோடு, பட்டியல் கோப்பின் பெயர். சாய்கோடு பி என்றால் பெயர் மட்டும் போதும், தேதி அளவு எல்லாம் வேண்டாம் என்று பொருள். ஏ கழித்தல் டி என்றால் ஃபோல்டர்களை விட்டுவிடு. இரண்டு புள்ளி போடுவது பட்டியலை ஒரு படி மேலே உள்ள ஃபோல்டரில் வைக்க. இல்லாவிட்டால் பட்டியலின் பெயரும் பட்டியலுக்குள் வந்து நிற்கும். ஒன்று, போனைக் கேபிளில் இணைத்தால் அதற்கு டிரைவ் எழுத்து கிடையாது, கட்டளைத் திரை அதற்குள் போகாது. போனில் உள்ளதை முதலில் டிஸ்க்குக்கு நகலெடுத்துவிடுங்கள்.

அந்தப் பட்டியலை அப்படியே எக்செலில் ஏ நெடுவரிசையில் ஒட்டுகிறோம். பி நெடுவரிசையில் புதுப் பெயர். நூறு வரிக்கு ஒரே மாதிரி மாற்றம் என்றால் சூத்திரம் போட்டு இழுத்துவிடலாம், ஒவ்வொன்றும் வேறு என்றால் உட்கார்ந்து அடிக்கலாம். என் வேலையே அதுதானே. மூன்றாவது நெடுவரிசையில் ஒரு சூத்திரம், பெயர் மாற்றும் ரென் என்ற கட்டளை, ஏ-வில் உள்ள பழைய பெயர், பி-யில் உள்ள புதுப் பெயர் மூன்றையும் கோத்து ஒரு வரியாக்கும். பெயர்களில் இடைவெளி இருக்குமானால் இரட்டை மேற்கோள் கட்டாயம். மேற்கோளுக்குள் மேற்கோள் வைக்கும்போது எத்தனை போட்டோம் என்று காதால் கணக்கு வைப்பது பெரும்பாடு. அதற்குப் பதில் சிஎச்ஏஆர், அடைப்புக்குள் 34 என்று போடுங்கள், அது தானே இரட்டை மேற்கோளாக மாறும். இந்த ஒரு வரி எனக்கு எவ்வளவு நிம்மதி தந்தது என்று சொல்லி முடியாது. நான்காவது நெடுவரிசையில் அதே சூத்திரம், ஆனால் ஏ-வும் பி-யும் இடம் மாறி. அதுதான் பழையபடி ஆக்கும் வழி. மூன்றாம் நெடுவரிசையை நோட்பேடில் ஒட்டி பாட் என்ற நீட்சியோடு சேமித்தால் ஓடவிடலாம். நான்காவதையும் அதே மாதிரி வேறு பெயரில் சேமித்துப் பத்திரப்படுத்துங்கள். ரென் கட்டளையில் எனக்குப் பிடித்த குணம், புதுப் பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால் அதை அழிக்காது, பிழை சொல்லி அந்த வரியை விட்டுவிடும். மூவ் கட்டளை அப்படி இல்லை. பாட் கோப்புக்குள் வைத்து ஓடவிட்டால் கேட்காமலேயே மேலெழுதிவிடும். பெயரில் சதவீதக் குறி இருந்தால் பாட் கோப்பு குழம்பும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலப் பெயர்களுக்கு இது போதும். தமிழ்ப் பெயர்களுக்கு நான் விண்டோஸிலேயே உள்ள இன்னொரு கட்டளைத் திரையான பவர்ஷெல்லுக்கு மாறிவிட்டேன். பவர்ஷெல்லைத் திறந்தவுடன், நீங்கள் திரைவாசிப்பான் பயன்படுத்துவதுபோல் தெரிகிறது, அதனால் பிஎஸ்ரீட்லைன் என்ற பகுதியை நிறுத்தியிருக்கிறோம் என்று ஆங்கிலத்தில் ஒரு எச்சரிக்கை கேட்கும். பயப்பட வேண்டாம், நமக்காகத்தான். எக்செல் தாளில் முதல் வரியில் ஓல்டு, நியூ என்று தலைப்பு வைத்து, சேவ் ஆஸ் போய் சிஎஸ்வி யூடிஎஃப்-8 என்ற வகையில் சேமிக்க வேண்டும். வெறும் சிஎஸ்வி என்று இன்னொரு வகை பட்டியலில் இருக்கும், அதில் சேமித்தால் தமிழ் பாழ். பிறகு பவர்ஷெல்லில் இம்போர்ட்-சிஎஸ்வி கட்டளையால் அதை என்கோடிங் யூடிஎஃப்8 என்று சொல்லி வாசித்து, ஒவ்வொரு வரிக்கும் ரீநேம்-ஐட்டம் ஓடவிட வேண்டும். பழைய பெயரைக் கொடுக்கும் இடத்தில் லிட்டரல்பாத் என்று சொல்லுங்கள். சும்மா பாத் என்று விட்டால் பெயரில் சதுர அடைப்புக்குறி உள்ள கோப்புகளை அது கண்டுபிடிக்காது.

இந்தக் கட்டளையின் கடைசியில் கழித்தல்குறி போட்டு வாட்இஃப் என்று சேர்த்துப் பாருங்கள். ஒரு கோப்பையும் தொடாமல், இதை இப்படி மாற்றுவேன், அதை அப்படி மாற்றுவேன் என்று வரி வரியாகச் சொல்லும். ஆயிரக்கணக்கான ரூபாய் கொட்டியும் எனக்குக் கிடைக்காத முன்னோட்டத் திரை அதுதான்! முதல் தடவை அது வாசித்ததைக் கேட்டபோது கை நடுங்கியது. வரிகள் வேகமாக ஓடிவிடும் என்பதால் தொடங்கும் முன் ஸ்டார்ட்-டிரான்ஸ்கிரிப்ட் என்று கொடுத்துவிடுங்கள், திரையில் வருவதெல்லாம் ஒரு உரைக் கோப்பில் பதிவாகும். முடிந்ததும் ஸ்டாப்-டிரான்ஸ்கிரிப்ட். அந்த உரையை நோட்பேடில் திறந்து சாவகாசமாகப் படித்து, திருப்தி ஆன பிறகு வாட்இஃப்பை எடுத்துவிட்டு ஓடவிடலாம். ஆயிரம் பெயர்கள் மாற ஒரு டம்ளர் காப்பி ஆறும் நேரம்கூட ஆகவில்லை.

இனி, தொலைந்த வரிசையை மீட்ட கதை. ஒரு கோப்பின் பெயரை மாற்றினால் அதன் கடைசியாகத் திருத்திய நேரம் மாறாது. வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்தாலும் எக்ஸ்ப்ளோரர் அந்த நேரத்தைக் காப்பாற்றும், உருவாக்கிய நேரம்தான் புதிதாக மாறும். கடைக்காரர் கேசட்டை ஓடவிட்டு ஓட ஓடப் பதிவு செய்தவர் என்று சொன்னேன் அல்லவா? அப்படியானால் ஒவ்வொரு கோப்பின் நேரமும் அந்தப் பக்கம் ஓடி முடிந்த நேரம். டிஐஆர் கட்டளையில் சாய்கோடு ஓடி சேர்த்துப் பட்டியல் எடுத்தேன், பழையது முதலில் வரும்படி. நேரங்களோடும் ஒரு பட்டியல் எடுத்துப் பார்த்தால் ஒரு கோப்புக்கும் அடுத்ததற்கும் அரைமணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். 60 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் அதுதான். அந்தப் பட்டியலின் பக்கத்தில் என் பழைய டிராக் பட்டியலை ஒட்டினேன், வரிக்கு வரி பொருந்தியது. பட்டனும் பொம்மக்காவும் திம்மக்காவும் அவரவர் இடத்துக்கு வந்துவிட்டார்கள். சென்டரில் சத்தத்தைக் கூட்டுகிறோம் என்று சில கோப்புகளை மறுபடி சேமித்திருந்தார்கள். அவற்றின் நேரம் மாறிவிட்டதால் இந்த வழி பலிக்கவில்லை. அவற்றை அப்பாவும் நானும் உட்கார்ந்து கேட்டு, அவர் சொல்லச் சொல்ல அடுக்கினேன். இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. பாட்டுத் தகவலை எம்பி3-க்குள் எழுதுவதும் இந்த நேரத்தை மாற்றும். எம்பி3டேக் மென்பொருள் எனக்கு நன்றாகவே பேசுகிறது, அதன் அமைப்புகளில் திருத்திய நேரத்தைக் காப்பாற்று என்ற டிக் பெட்டி உண்டு. வேலை தொடங்கும் முன் அதைப் போட்டுவிடுங்கள்.

பாமினிப் பெயர்களும் எழுத்தாக வெளியே வந்ததால் தப்பின. பாமினியை, திரைவாசிப்பான் தமிழாகவே படிக்கும் யூனிகோடாக்கும் மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பட்டியல் முழுவதையும் ஒட்டி மாற்றி எடுத்து பி நெடுவரிசையில் வைத்தேன். கோப்பின் பெயராகவே இருந்திருந்தால் எந்த மாற்றியிலும் மொத்தமாக ஒட்ட முடியாது.

அதன் பிறகு ஒரு விசித்திரம். கொடை என்று தேடினால் கொடைப் பதிவுகளில் ஒரு பகுதி வந்தது, மறு பகுதி வரவில்லை. திரைவாசிப்பான் இரண்டையும் கொடை என்றே படித்தது. அண்ணன் பார்த்துவிட்டு, இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது என்றான். காரணம், கொ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுத முடியும். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம். அல்லது ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாக அடிக்கலாம். பார்வைக்கு வித்தியாசமே இருக்காது, தேடலுக்கு அவை வேறு வேறு சொற்கள். கண்டுபிடிக்க எளிய வழி, எக்செலில் குறிகளை எண்ணிச் சொல்லும் எல்இஎன் சூத்திரம். கொடை என்ற சொல்லுக்கு அது 4 என்று சொன்னால் ஒற்றைக் குறி, 5 என்று சொன்னால் பிரித்து எழுதியது. சரி செய்ய சப்ஸ்டிட்யூட் சூத்திரத்தில் யூனிசார் 3014, யூனிசார் 3006 இரண்டும் சேர்ந்து வரும் இடத்தில் யூனிசார் 3018 போடச் சொல்லுங்கள். கோ வரிசைக்கு 3015-உம் 3006-உம் சேர்ந்தது 3019 ஆக வேண்டும். கண் தெரிந்தவர்களுக்குக்கூட இது உதவும், அவர்களாலும் இதைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

இன்னும் சில. விண்டோஸில் ஃபோல்டர் பெயர்களும் கோப்பின் பெயரும் சேர்ந்த முழுப் பாதையின் நீளம் பொதுவாக 260 எழுத்துக்குள் இருக்க வேண்டும். முத்துப்பட்டன் நம் கணக்கில் 8 எழுத்து, கணினிக் கணக்கில் புள்ளியும் துணைக்குறிகளும் சேர்ந்து 14. ஆகவே தமிழ்ப் பெயர்கள் சீக்கிரம் இடத்தைத் தின்றுவிடும். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் வைத்து ஒவ்வொன்றுக்கும் நீளப் பெயர் வைக்காதீர்கள். எண் போட்டால் 001, 002 என்று பூஜ்யம் சேர்த்தே போடுங்கள், பென் டிரைவ் போட்டுக் கேட்கும் பாட்டுப்பெட்டிகள் பலவற்றில் 1-க்குப் பிறகு 10 வரும். கேள்விக்குறி, முக்காற்புள்ளி, சாய்கோடு, நட்சத்திரக்குறி பெயரில் ஆகாது. நாலைந்து கோப்புக்கு இத்தனையும் வேண்டாம். எஃப்2 அழுத்திப் பெயரை அடித்துவிட்டு டேப் தட்டினால் அடுத்த கோப்பின் பெயர்ப்பெட்டி தானே திறக்கும்.

எதையும் தொடும் முன் பிரதி. வேறு யாராவது எடுப்பார்கள் என்று நம்பாமல் நாமே எடுக்க ரோபோகாப்பி என்ற கட்டளை விண்டோஸிலேயே இருக்கிறது. எங்கிருந்து, எங்கே என்று இரண்டு ஃபோல்டரைச் சொல்லி சாய்கோடு ஈ போட்டால் உள் ஃபோல்டர்களோடு நகலெடுக்கும். சாய்கோடு எல் சேர்த்தால் ஒத்திகை மட்டும் நடக்கும். யூனிலாக் என்ற விருப்பம் கொடுத்தால் தமிழ்ப் பெயர்கள் சிதையாமல் பதிவேடு எழுதித் தரும், நோட்பேடில் படிக்கலாம். எம்ஐஆர் என்றொரு விருப்பம் உண்டு. மூலத்தில் இல்லாததை எல்லாம் பிரதியிலிருந்து அழித்துவிடும் அது. இரண்டு ஃபோல்டரையும் இடம் மாற்றிச் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். நான் அந்தப் பக்கமே போவதில்லை.

வாட்ஸ்அப்பில் ஒரே பாட்டு பலரிடமிருந்து வந்திருக்கும். பெயரை வைத்து அதைப் பிடிக்க முடியாது. பவர்ஷெல்லின் கெட்-ஃபைல்ஹாஷ் கட்டளை கோப்பின் உள்ளடக்கத்தைக் கணக்கிட்டு ஒரு நீண்ட குறியீடு தரும். இரண்டு கோப்புக்கும் ஒரே குறியீடு என்றால் உள்ளே இருப்பது ஒன்றேதான். அதையும் எக்செலில் கொண்டுவந்து குறியீட்டின்படி அடுக்கினால் இரட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். ஒரே பாட்டை இருவர் தனித்தனியாகப் பதிவு செய்திருந்தால் குறியீடு வேறாகத்தான் இருக்கும், அதைக் காதுதான் சொல்ல வேண்டும்.

கடைசியாக, பிறரிடம் வேலை கொடுக்க வேண்டி வந்தால் டிஸ்க்கைக் கொடுக்காதீர்கள். பட்டியலை மட்டும் கொடுங்கள். கேசட் மேலட்டையில் அப்பா கையால் எழுதியிருந்த ஊர்ப் பெயர்களையும் தேதிகளையும் படிக்க எனக்குக் கண் வேண்டியிருந்தது. அதற்கு அண்ணன் மகளிடம் எக்செல் தாளைத்தான் அனுப்பினேன். “அத்தை, யூனிகோடிலயா அடிக்கணும்?” என்று முதலிலேயே கேட்டுக்கொண்டாள். பாதி நிரப்பி அனுப்புகிறாள், நான் எல்இஎன் போட்டுச் சரிபார்த்து, வாட்இஃப் ஓடவிட்டு, அப்புறம்தான் கோப்பைத் தொடுகிறேன். இப்போது தம்பிமார் கதை வரை வந்திருக்கிறோம்.